முற்றத்து வனம் – 9: முள்ளிகள் மூன்று

சென்ற வாரம் நந்தியாவட்டையைப் பற்றிப் பேசிய நாம், இவ்வாரம் முள்ளையே ஆபரணமாகப் பூண்ட சில செடிகளின் பக்கம் திரும்புவோம். ஐரோப்பியத் தோட்டக்கலைப் புத்தகங்களில் ‘ஸீ ஹாலி’ என்ற பெயருடன் காணப்படும் எரிஞ்சியம் என்னும் செடியின் படத்தை ஒரு முறை பார்த்தவர்கள், முட்கிரீடம் சூழ்ந்த அதன் நீலத் தலைகளில் மனத்தைப் பறிகொடுத்து, விதையைத் தபாலில் வரவழைத்துத் தொட்டியில் தூவி, முளை காணாமல் ஏமாந்து போவது இன்று சர்வ சாதாரணமாகி விட்டது. ஒரகடத்து ஆலைகளில் உத்தியோகம் கிடைத்து, வடக்குப்பட்டையும் அதன் அண்டை ஊர்களையும் புதிதாகத் தமக்கு வாசஸ்தலமாக்கிக் கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவே இந்த அத்தியாயத்தை முக்கியமாக எழுதுகிறேன்.

எரிஞ்சியம் கொத்தமல்லியின் குடும்பத்தைச் சேர்ந்தது. அவ்வினத்தில் ‘கடல்’ என்ற அடைமொழிக்கு உரிமை பூண்ட செடி ஐரோப்பாவின் மணற்கரைகளிலும் மத்தியதரைக் கடலோரங்களிலும் இயற்கையாக வளர்வது. ஆணிவேரை ஆழச் செலுத்தி நிற்பதால், பெயர்த்து நடப்படுவதைச் சகியாதது. ஈரமான குளிரில் சில வாரங்கள் கிடந்தாலன்றி அதன் விதை விழிப்பதில்லை. மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிரை அறியாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் அந்த நிபந்தனை எவ்வாறு நிறைவேறும்? குளிர்சாதனப் பெட்டியில் விதையை வைத்து ஒருவாறு முளைக்கச் செய்தாலும், வடகிழக்குப் பருவமழையில் நாட்கணக்காகத் தேங்கும் நீர் அந்த ஆணிவேரை அழுகச் செய்து விடும். 2022-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் வடக்குப்பட்டில் அகழ்வாய்வு நடத்தியபோது, கற்காலக் கருவிகளோடு ரோமாபுரியின் மதுச்சாடித் துண்டுகளும் வெளிப்பட்டன. மத்தியதரைக் கடலின் சரக்கு அத்தனை காலத்துக்கு முன்பே இவ்வூருக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பது பெருமைக்குரிய செய்தியே. ஆயினும் சாடி தங்கிய இடத்தில் செடியும் தங்கும் என்று எதிர்பார்ப்பது விவேகமாகாது.

அதே ஆங்கிலப் பெயரால் வழங்கப்படும் மற்றொரு செடி நம்முடைய கடற்கரைக் கழிமுகங்களிலேயே இருக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பரந்துள்ள பிச்சாவரத்தில் படகில் செல்பவர்கள், நீரோரத்தில் புதராக அடர்ந்து, பளபளக்கும் இலைகளின் விளிம்பெல்லாம் கூரிய முட்களுடன் நிற்கும் கழுதைமுள்ளியைக் காணலாம். வேர் வழியாக ஏறும் உப்பை இலையிலுள்ள சுரப்பிகளால் வெளியேற்றி விடுவதும், மேலுதடு இன்றி அகன்ற கீழுதடு மட்டும் கொண்ட வெளிர்நீலப் பூக்களை ஏந்துவதும், காய் முதிர்ந்ததும் வெடித்து விதைகளைத் தூர எறிவதும் அதன் விசேஷங்கள். கருவண்டும் தேன்சிட்டும் அப்பூக்களைத் தேடி வரும். இதன் இனத்தைச் சேர்ந்த மத்தியதரைக் கடற்புறத்துச் செடியின் இலையைப் பார்த்தே கிரேக்கச் சிற்பிகள் கொரிந்தியத் தூணின் தலைப்பை வடித்தார்கள் என்பர். 1821-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குள் சென்றால், அந்த இலைகளைத் தலையில் சூடிய பதினாறு தூண்கள் விதானத்தைத் தாங்கி நிற்பதைத் தரிசிக்கலாம்.

உப்பைத் தாங்கும் சக்தி வாய்ந்ததேயன்றி, உப்பில்லாவிடில் வாழாது என்னும் பிடிவாதம் கழுதைமுள்ளிக்கு இல்லையாதலால், கிணற்று நீரிலும் அதை வளர்க்கலாம். அடியில் துவாரமில்லாத அகன்ற தொட்டியில் வண்டலும் மணலும் சிறிது மக்கிய எருவும் கலந்து நிரப்பி, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுத் துண்டைச் சேற்றில் ஊன்றி, வேர் பிடிக்கும் வரையில் அரை நிழலிலும் பின்னர் நல்ல வெயிலிலும் வைக்க வேண்டும். நீர் மண்மட்டத்தோடு நின்றால் போதும். அதற்கு மேல் தேங்க விட்டால் கொசுவுக்கே இடம் கொடுத்தவர்களாவோம். இடுப்பளவுக்கு மேல் உயர்ந்து பரவும் சுபாவமுள்ளதாகையால், ஆண்டுக்கொரு முறை கத்தரித்து விடுவது அவசியம். குழந்தைகள் ஓடியாடும் வழியில் வைப்பது கூடாது. தண்டை நாற்றுப் பண்ணையிலிருந்தோ, வளர்ப்பவர்களிடமிருந்தோ பெறுக. காப்புக்காட்டிலிருந்து ஒரு கொப்பை ஒடிப்பதும் வனச் சட்டப்படி குற்றம்.

ஆனால் கடல் கண்ணுக்கெட்டாத வடக்குப்பட்டுக்கு என்னிடம் அபிப்பிராயம் கேட்டால், கழுதைமுள்ளிக்கும் முன்னதாக, அதன் குடும்பத்திலேயே பிறந்த நீர்முள்ளியைத்தான் சிபாரிசு செய்வேன். ஏரிகளுக்குப் பேர்போன இந்த ஜில்லாவில் மதகடியிலும் வரப்போரத்திலும் தானே முளைத்து, கணுவுக்குக் கணு நீண்ட முட்களும் அவற்றினிடையே ஊதாநிறப் பூக்களுமாக அது நிற்பதை மழைக்காலத்துக்குப் பின் காணலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அதன் விதை நீர்பட்டதும் வழவழப்பான கோந்தாகிச் சேற்றோடு ஒட்டிக் கொள்ளும் இயல்புடையது; எனவே, புரட்டாசி, ஐப்பசியில் ஈரச் சேற்றின் மேல் தூவி, மூடாமல் விட்டு விடுவதே விதைக்கும் முறை. சித்த வைத்தியர்கள் வீக்கத்துக்கும் நீர்க்கட்டுக்கும் நீர்முள்ளிக் குடிநீர் கொடுப்பதுண்டு. எனினும் வைத்தியரின் ஆலோசனையின்றி அதனை வீட்டில் காய்ச்சிக் குடிக்கலாகாது. மயில் வசீகரன் என்னும் பட்டாம்பூச்சி முட்டையிடுவதற்கு இச்செடியை நாடுவதால், இலையில் புழுவைக் கண்டதும் மருந்து தெளிக்க ஓடாமல் இருப்பது உத்தமம்.

மூன்றாவது, சமையலறைக்கு உதவும் முள்ளி. எரிஞ்சியத்தின் இனத்திலேயே அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலிருந்து வந்த ஒன்று, ஆப்பிரிக்க மல்லி என்ற பெயரில் கேரளத்து வீட்டுத் தோட்டங்களிலும் அந்தமானிலும் பிரசித்தமாயிருக்கிறது. இலை விளிம்பில் சிறு முட்களும், கொத்தமல்லியைக் காட்டிலும் உக்கிரமான வாசனையும் கொண்ட இச்செடி, கொத்தமல்லி வாடிப் போகும் கோடையிலும் மரநிழலில் தழைத்திருக்கும். பூந்தண்டு கிளம்பியவுடன் கிள்ளி விட்டால் இலை நெடுநாள் கிடைக்கும்.

ஆகவே, நீலத் தலையுள்ள அந்நியச் செடியின் விதைக்குப் பணம் அனுப்புமுன், இம்மழைக்கு ஒரு தொட்டியில் நீர்முள்ளியைத் தூவிப் பாருங்கள். வெயில்படாத மூலையில் ஆப்பிரிக்க மல்லி இரண்டு வையுங்கள். கழுதைமுள்ளிக்கு இடமும் பொறுமையும் இருந்தால் அதையும் சேர்த்துக் கொள்ளுங்கள். அடுத்த வாரம் தொட்டித் தாமரையைப் பற்றி.