பெட்டி உடைந்தால் யாரைக் கேட்பது?

விமானத்தில் போட்ட சூட்கேஸ் ஒரு சக்கரம் இல்லாமல் வந்து சேருகிறது. வாங்கிய கடைக்குக் கொண்டுபோனால், "வாரண்டி தயாரிப்புக் கோளாறுக்கு மட்டும்தான் சார், ஏர்லைன்ஸ்ல அடிபட்டதுக்குக் கிடையாது" என்பார்கள். விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் கேட்டால், "சக்கரம், கைப்பிடி, கீறல் எல்லாம் சாதாரணத் தேய்மானம், எங்கள் பொறுப்பில் வராது" என்பார்கள். இரண்டு பதிலும் அவரவர் நிபந்தனைத் தாளில் பொடி எழுத்தில் இருக்கும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பெட்டியும் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் இந்த ஒரே சந்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. அதனால் மலிவானதா, விலை கூடியதா என்று கடையில் நின்று யோசிக்கும்போதே, உடைந்தால் யார் சரிசெய்து தருவார்கள், அப்போது என் கையில் என்ன தாள் இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துவிடுவது நல்லது.

விலை ஸ்டிக்கரை முதலில் ஒதுக்கிவையுங்கள். சூட்கேஸ் கடைகளில் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பெரிய தள்ளுபடி தொங்கிக்கொண்டிருக்கும். அதிகபட்ச சில்லறை விலை என்பது அதற்கு மேல் விற்கக் கூடாது என்ற எல்லைதான், பெட்டியின் மதிப்பு அல்ல. 9,999 ரூபாய் என்று அச்சிட்டு 2,499-க்குத் தருகிற பெட்டி, 2,499 ரூபாய்ப் பெட்டிதான். பிராண்ட் பெயரை மட்டும் நம்புவதும் பாதி வேலைதான். அரிஸ்டோகிராட், ஸ்கைபேக்ஸ், கார்ல்டன் என்று வெவ்வேறு விலைக்கு விற்பதெல்லாம் விஐபி நிறுவனத்துடையவை. அமெரிக்கன் டூரிஸ்டரும் சாம்சொனைட் நிறுவனத்துடையதுதான். ஒரே நிறுவனம் மலிவையும் விலை கூடியதையும் விற்கும்போது பெயரைப் பார்த்து என்ன முடிவு செய்வது? பொருளைத்தான் பார்க்க வேண்டும்.

பார்க்க வேண்டியவை சக்கரம், இழுவைக் கம்பி, ஜிப், ஓடு. இந்த நான்குக்குப் போகிற பணம்தான் பயனுள்ள பணம். மீதி நிறத்துக்கும் கடையின் ஏசிக்கும் போகிறது.

பெட்டியைத் திறந்து உள்துணியின் ஜிப்பை நீக்கினால் சக்கரம் பொருத்திய இடம் தெரியும். திருகாணியால் முடுக்கியிருந்தால், சக்கரம் உடைந்தாலும் தெருவோர ரிப்பேர்க்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். ரிவெட் அடித்திருந்தால் அதை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பலர் பெட்டியையே தூக்கிப் போட்டுவிடுவது இதனால்தான். அடுத்து, கம்பியை முழுதாக வெளியே இழுத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது இயல்பு. கடகடவென்று ஆடினால் வேண்டாம். காலிப் பெட்டியை வழவழப்பான கடைத் தரையில் உருட்டுவதில் பயனில்லை, அங்கே எல்லாச் சக்கரமும் நன்றாகத்தான் ஓடும். கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வாசலில் இருக்கும் சிமெண்ட் தரையில் உருட்டிக் கேளுங்கள், சத்தமே சொல்லிவிடும்.

ஓடு கெட்டியாக இருந்தால் உறுதி என்று நினைக்கிறோம், உண்மை கிட்டத்தட்ட நேர்மாறு. மலிவான பெட்டிகளில் பெரும்பாலும் இருக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக் விறைப்பானது. ஓங்கி அடிபட்டால் விரிசல் விடும். பாலிகார்பனேட்டும் பாலிபுரொப்பிலீனும் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். பெட்டியைப் படுக்கவைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போய்த் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். எந்தப் பிளாஸ்டிக் என்பதை விற்பவரின் வாயால் கேட்பதைவிட உள்ளே ஒட்டிய லேபிளில் படிப்பது மேல்.

ஜிப் விஷயம் கொஞ்சம் பயமுறுத்தும். சாதாரண நைலான் சுருள் ஜிப்பில் ஒரு பால்பாயிண்ட் பேனாவின் முனையைக் குத்தி அழுத்தினால் பற்கள் பிளந்து வழி விட்டுவிடும். உள்ளே கைவிட்டு எடுக்க வேண்டியதை எடுத்தபின், பூட்டியபடியே இருக்கும் இரண்டு ரன்னர்களையும் பெட்டியைச் சுற்றி ஒரு முறை ஓட்டினால் போதும், ஜிப் பழையபடி மூடிக்கொள்ளும். பூட்டு உடையவில்லை, துணி கிழியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் பொருள் மட்டும் இருக்காது. விலை கூடிய பெட்டிக்கும் சுருள் ஜிப் என்றால் இதே கதிதான். ரன்னர்களைப் பெட்டியின் நிலையான வளையத்தோடு சேர்த்துப் பூட்டினால் அவற்றை நகர்த்த முடியாது, திறந்த தடம் அப்படியே நிற்கும். ஜிப்பே இல்லாமல் சட்டமும் கொக்கியும் வைத்த பெட்டிகளில் இந்த வேலை நடக்காது, ஆனால் எடை கூடும். அமெரிக்கா போகிறவர்களுக்கான டிஎஸ்ஏ பூட்டுக்கு அங்குள்ள அதிகாரிகளிடம் பொதுச் சாவி உண்டு. அந்தச் சாவிகளின் படம் 2014-இல் ஒரு பத்திரிகையில் வெளிவந்து, அடுத்த ஆண்டே அவற்றை அச்செடுக்கும் கோப்புகள் இணையத்தில் பரவிவிட்டன. நகை, பணம், லேப்டாப், சான்றிதழ் எதையும் எந்தப் பூட்டை நம்பியும் செக்-இன் பெட்டியில் போட வேண்டாம்.

எடையையும் பாருங்கள். உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோதான் செக்-இன். 28 அங்குல ஓட்டுப் பெட்டி தானே நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும். கால்வாசிக்கும் மேல் வெறும் பெட்டிக்கே போய்விடுகிறது.

என் கருத்தைக் கேட்டால், ஆண்டுக்கு ஒரு முறை ரயிலில் ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு விலை கூடிய நான்கு சக்கரப் பெட்டி தேவையே இல்லை. ஓடுகிற ரயிலில் அது தானாக உருண்டு நடைவழிக்கு வந்து நிற்கும். பெரிய சைஸ் என்றால் பெர்த்துக்கு அடியில் போகவும் போகாது. இரண்டு பெரிய சக்கரம் வைத்த துணிப் பெட்டியே அங்கே ராஜா. வளைகுடாவுக்குப் போய்வருபவர், மாதத்துக்கு இரண்டு முறை விமானம் ஏறுபவர் ஆகியோர் செலவழிக்கலாம், ஆனால் அவர்களும் முதலில் கேட்க வேண்டியது சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்பதை. மதுரையில் வாங்கிய பெட்டியைச் சக்கரம் மாற்றச் சென்னைக்கு அனுப்ப வேண்டுமென்றால் பத்து ஆண்டு வாரண்டியால் என்ன லாபம்? பிரிக்ஸ் அண்ட் ரைலி போன்ற சில வெளிநாட்டு நிறுவனங்கள் விமானத்தில் நேரும் சேதத்துக்கும் சேர்த்தே வாழ்நாள் உத்தரவாதம் தருகின்றன. பெட்டியின் விலையில் அந்த வாக்கும் அடக்கம். நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான வாரண்டி அட்டைகளில் அது இல்லை, 'இன்டர்நேஷனல் வாரண்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சரி.

இன்னொன்று, ஆசையாக வாங்கிப் பரணில் போட்டு வைக்கிற பழக்கம். பாலியூரித்தேன் பூச்சும் அதே பொருளில் செய்த சக்கர உறையும் காற்றின் ஈரத்தால் மெல்லச் சிதையும். நம் கடலோர ஊர்களில் சில ஆண்டு சும்மா கிடந்த பெட்டியை இறக்கினால் உள்பூச்சு பொடிப்பொடியாகக் கையில் ஒட்டுவதும், சக்கரம் விமான நிலையத்துக்குப் போவதற்குள் பிய்ந்து வருவதும் இதனால்தான். விலை கூடியதும் தப்புவதில்லை.

கடையில் உங்களுக்கு உள்ள உரிமை பில்லில் தொடங்குகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். பழுதான பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற ரப்பர் ஸ்டாம்ப் பழுதான பொருளுக்குச் செல்லாது. பிடிக்கவில்லை, நிறம் ஒத்துவரவில்லை என்று திருப்பித் தர இந்த உரிமை உதவாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பிளாட்பாரத்தில் பிராண்ட் பெயர் ஒட்டி எண்ணூறு ரூபாய்க்குக் கிடைப்பதை வாங்குவதில் தப்பில்லை, ஆனால் பில் இல்லாத பெட்டிக்குப் பின்னால் கேட்க ஆளும் இல்லை என்று தெரிந்தே வாங்குங்கள்.

இனி விமான நிலையம். இங்கேதான் அதிகம் பேர் உரிமையை இழக்கிறார்கள், அதுவும் கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெளிவாசலுக்கு நடக்கிற அந்தச் சில நிமிடங்களில். பெட்டி உடைந்திருப்பதைப் பார்த்ததும், வெளியே வருவதற்கு முன்பே, அங்குள்ள பேக்கேஜ் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார் அறிக்கை எழுதி நகல் வாங்க வேண்டும். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பொருந்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009-இல் சேர்ந்தது. அதன்படி சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்ததற்கு வந்து சேர்ந்த 21 நாளுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். ஒன்றும் எழுதாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், அது நல்ல நிலையில் கொடுக்கப்பட்டது என்றே முதலில் கொள்ளப்படும். வந்து சேர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழித்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். நடுவில் மாற்றுத் துணி, சோப்பு என்று வாங்கிய பில்களைத் தூக்கிப் போடாதீர்கள், அவையும் கோரிக்கையில் சேரும்.

எவ்வளவு கிடைக்கும்? உடன்படிக்கையின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு 20,000 ரூபாய்தான். இரண்டுமே உச்சம், நிச்சயமாகக் கைக்கு வரும் தொகை அல்ல. நீங்கள் காட்டும் நட்டம் எவ்வளவோ அவ்வளவு, அதிலும் பழைய பெட்டி என்றால் தேய்மானம் கழிப்பார்கள். பெட்டி வாங்கிய பில் இங்கே மறுபடி வேலைக்கு வருகிறது. பெட்டிக்குள் மிகுந்த மதிப்புள்ள பொருள் இருந்தே ஆக வேண்டுமென்றால், செக்-இன் செய்யும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டி வரம்பை உயர்த்தலாம்.

சக்கரத்துக்குப் பொறுப்பில்லை என்ற அந்தப் பொடி எழுத்துக்கு வருவோம். பெட்டியின் உள்ளார்ந்த குறையாலோ தரத்தாலோ வந்த சேதம் என்றால் அந்த அளவுக்கு விமான நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று உடன்படிக்கையே சொல்கிறது. மலிவான பெட்டியின் உண்மையான ஆபத்து இதுதான்: "உங்கள் பெட்டியே அப்படி" என்று சொல்ல அவர்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் அதே உடன்படிக்கையின் 26-வது பிரிவு, பொறுப்பைத் தட்டிக்கழிக்கவோ வரம்பைக் குறைக்கவோ நிறுவனம் தானாக எழுதிக்கொள்ளும் நிபந்தனை செல்லாது என்கிறது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறையும் 2015-இல், சக்கரம், கைப்பிடி, வார் ஆகியவற்றின் சேதத்தை ஒட்டுமொத்தமாக ஒதுக்கக் கூடாது என்று விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எனவே கவுன்ட்டரில் இருப்பவர் "சக்கரத்துக்கு எழுத மாட்டோம்" என்றாலும், எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவர் மறுப்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

செக்-இன் கவுன்ட்டரிலும் கண் வேண்டும். ஏற்கெனவே விரிசல் விட்ட பெட்டி, பிதுங்கி நிற்கும் ஜிப் என்றால், லிமிடெட் ரிலீஸ் டேக் ஒன்றைக் கட்டி உங்கள் கையெழுத்து வாங்குவார்கள். குறிப்பிட்ட வகைச் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்று நீங்கள் ஒப்புக்கொண்டதற்கான அடையாளம் அது. எதற்கு டிக் போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நல்ல பெட்டி என்றால் பெல்ட்டில் ஏற்றுமுன் நான்கு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். சார்ஜர் பேட்டரி பொருத்திய ஸ்மார்ட் பெட்டி வாங்குபவர்கள் பேட்டரி கழற்றக்கூடியதா என்று பார்க்க வேண்டும். கழற்ற முடியாதவற்றைப் பல விமான நிறுவனங்கள் 2018 ஜனவரியிலிருந்து ஏற்பதில்லை.

ரயிலில் நிலைமை வேறு. ரசீது போட்டு ஒப்படைத்த சரக்குக்குத்தான் ரயில்வே பொறுப்பு. பயணி தன்னோடு வைத்திருக்கும் பெட்டி திருடுபோனால், 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவுப்படி ஊழியரின் அலட்சியத்தை நாம் நிரூபிக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாயைத் திருட்டுக் கொடுத்த பயணிக்கு நுகர்வோர் மன்றங்கள் இழப்பீடு தரச் சொன்னதை 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதேசமயம், முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவர்களை ஏறவிட்டதைக் காட்டி வென்ற வழக்குகளும் உண்டு. ஆகவே நடந்த உடனே 139-க்குச் சொல்லி, டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில்வே போலீசிடமோ புகாரைப் பதிந்து, பரிசோதகர் பெட்டியில் இருந்தாரா, யார் யார் ஏறினார்கள் என்பதையும் அதில் குறிப்பிடுங்கள். முந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் சங்கிலியும் பூட்டும் வாங்கிக் கீழ் பெர்த்துக்கு அடியில் உள்ள வளையத்தில் மாட்டுவது இந்த வழக்கையெல்லாம்விடச் சுலபம்.

கடையோ நிறுவனமோ அசையவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் அங்கேயே, நிறுவனத்துக்குத் தகவல் போனதும், முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெட்டியை வாங்கிய ஊருக்கோ நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கோ அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையத்திலும் பதிவு செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு. பில், வாரண்டி அட்டை, போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டிய பேக்கேஜ் டேக் துண்டு, பி.ஐ.ஆர். நகல், சேதத்தின் படம், சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று ரிப்பேர் கடையில் எழுதி வாங்கிய சீட்டு, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் இணையுங்கள். பெட்டியின் விலையையோ ரிப்பேர் செலவையோ மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தனித்தனியாகத் தொகை குறிப்பிட்டுக் கேளுங்கள்.