இறுதிச்சடங்குப் போர்வை மொபைல் பவுச் ஆனது எப்படி? தோடர் எம்பிராய்டரி மலையிறங்கிய கதை

ஊட்டிக்கு டூர் போனவர்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் துணி, அதில் சிவப்பு, கருப்பு நூலில் கட்டம் கட்டமாக வேலைப்பாடு. சால்வை, ஹேண்ட்பேக், மொபைல் பவுச், டேபிள் கிளாத் என்று கடைகளில் தொங்கும். அதுதான் தோடர் எம்பிராய்டரி.

ஆனால் இந்தக் கலை கடைக்காகப் பிறந்தது இல்லை. தோடர் மக்கள் போர்த்திக்கொள்ளும் 'பூத்துக்குளி' என்ற போர்வைக்காகப் பிறந்தது. சடங்குகளில் போர்த்துவதும் அதுதான், இறந்தவர் உடலைச் சுற்றி வழியனுப்புவதும் அதுதான். சுமார் 2,000 பேர் மட்டுமே உள்ள ஒரு சமூகத்தின் சடங்குத் துணி டெல்லி, மும்பை ஷோரூம் வரைக்கும் போனது எப்படி? போன இடத்தில் அதுக்கு என்ன ஆச்சு?

அப்படி என்ன ஸ்பெஷல்?

தோடர்கள் துணி நெய்வதில்லை. சமவெளியில் நெய்த முரட்டுப் பருத்தித் துணியை வாங்கி, அதில் பெண்கள் தையல் போடுகிறார்கள். துணியிலேயே சிவப்பு, கருப்புப் பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகளை ஒட்டித்தான் வேலைப்பாடு வரும்.

பென்சிலில் வரைந்துகொள்வது, டிரேசிங் பேப்பர் வைப்பது எதுவும் கிடையாது. துணியின் பாவு நூலையும் ஊடை நூலையும் கண்ணால் எண்ணி எண்ணி ஊசியைக் கோர்க்கிறார்கள். ஒரு இழை தப்பினால் மொத்தக் கட்டமும் கோணிப்போகும். எருமைக் கொம்பு, மலை, சூரியன், தேன்கூடு என்று சுற்றிலும் பார்ப்பதுதான் டிசைன். தையலின் பின்பக்கம் என்று நாம் நினைக்கும் சொரசொரப்பான பக்கத்தைத்தான் தோடர்கள் 'நல்ல பக்கம்' என்று வெளியே காட்டுவார்கள்.

மலையை விட்டு ஏன் இறங்கியது?

பழைய நீலகிரியில் ஒரு கொடுக்கல் வாங்கல் ஏற்பாடு இருந்தது. தோடர்கள் பாலும் நெய்யும் தருவார்கள். கோத்தர்கள் மண்பானையும் இரும்புச் சாமானும் தருவார்கள், தோடர் வீட்டு இறுதிச்சடங்குக்கு வந்து வாசிப்பதும் அவர்கள்தான். படுகர்களிடமிருந்து தானியம், குறும்பர்களிடமிருந்து தேனும் காட்டுப் பொருட்களும் வரும். ஒருவர் கலை இன்னொருவர் வீட்டுச் சடங்கில் இருந்தது. எல்லாம் மலைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

1819-ல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். பிறகு தோடர்களிடம் நிலம் வாங்கி 'ஸ்டோன் ஹவுஸ்' கட்டினார். தோடர்களின் ஒத்தக்கல் மந்து, உதகமண்டலம் ஆனது. தேயிலை வந்தது, யூகலிப்டஸ் வந்தது, சீகை வந்தது. எருமை மேய்ந்த புல்வெளி சுருங்கியது. பணப் புழக்கம் வந்ததும் அந்தப் பழைய ஏற்பாடும் 20-ஆம் நூற்றாண்டில் தேய்ந்துபோனது. எருமையை மட்டும் நம்பி இருக்க முடியாது என்றானபோது கையில் இருந்த ஊசி வருமானமானது. பூம்புகார் போன்ற அரசு விற்பனை நிலையங்கள், தொண்டு நிறுவனங்கள், சுற்றுலாப் பயணிகள் என்று வாங்குவோர் வட்டம் பெருசாச்சு.

இதை மறுமலர்ச்சி என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. செத்துப்போனது எதுவும் இங்கே மறுபடி பிறக்கவில்லை. தோடர் பெண்கள் தையலை நிறுத்தியதே இல்லையே. மாறியது வாங்கும் ஆள்தான்.

இத்தாலிக்கும் ஊட்டிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கு. ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புளோரன்ஸ், ரோம். ஆனால் அது வடக்கே பரவியது ஆட்கள் நடந்ததாலும் அச்சு இயந்திரம் ஓடியதாலும்தான். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கைச் சேர்ந்த ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1494-லும் 1505-லும் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலி போனார். கற்றதை ஊருக்குக் கொண்டுவந்தார். அவருடைய மரச்செதுக்கு அச்சுப் படங்களோ அதைவிட வேகமாக இத்தாலிக்குள் போயின.

போன இடத்தில் நகல் எடுத்துவிட்டார்கள். மார்க்கன்டோனியோ ரைமண்டி என்பவர் டியூரரின் படங்களை, அவர் கையெழுத்துக் குறியோடு சேர்த்தே செதுக்கி விற்றார். டியூரர் வெனிஸ் அரசிடம் புகார் செய்ததாகவும், 'அந்தக் குறியைப் போடாதே' என்பது மட்டுமே தீர்ப்பாக வந்ததாகவும் வசாரி எழுதியிருக்கிறார். படத்தை நகலெடுக்கத் தடை இல்லை, பேரைப் போடத்தான் தடை! ஐந்நூறு வருஷம் கழித்து தோடர் எம்பிராய்டரிக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். அதற்கு முன் இன்னொரு பயணத்தையும் சொல்லிவிட வேண்டும்.

துணி மட்டும் போகவில்லை, பாட்டும் போனது

திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த ஜி.யு.போப் ஊட்டியில் பள்ளி நடத்தியவர். தோடர் மொழிக்கு அவர் எழுதிய சுருக்க இலக்கணம் 1873-ல் மார்ஷல் என்பவரின் புத்தகத்தில் வெளியானது. அவருடைய குறள் மொழிபெயர்ப்பு 1886-ல்தான் வந்தது. அதாவது, எழுத்தே இல்லாத ஒரு மலை மொழி அதற்கு முன்பே அச்சேறிவிட்டது.

பிறகு 1935-ல் எம்.பி.எமனோ வந்தார். மூன்று வருஷம் இந்தியாவில் தங்கி தோடா, கோத்தா மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய திராவிட சொற்பிறப்பியல் அகராதி 1961-ல் வெளியானது. தமிழ்ச் சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் இன்றும் புரட்டும் அந்த அகராதியில், மந்துகளில் கேட்ட சொற்களும் தமிழுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. தோடர் பாடல்களை மட்டும் தனிப் புத்தகமாக 1971-ல் கொண்டுவந்தார். சாதாரண ஆட்கள் நின்ற இடத்தில் இரட்டை இரட்டை வரிகளாகக் கட்டிப் பாடும் பாட்டு அது. இன்று யுனெஸ்கோ பட்டியலில் தோடா அழிவின் விளிம்பில் உள்ள மொழி. புத்தகம் கலிபோர்னியா வரை போய்விட்டது, பாடுகிற வாய்கள்தான் குறைகின்றன.

சரி, புவிசார் குறியீடு வந்தாச்சே?

வந்தது. 2013-ல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ல் இயற்றப்பட்டு 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் கீழ் வருவது இது. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொண்டே போகலாம். டிரேட்மார்க் மாதிரி இதை யாருக்கும் விற்கவோ எழுதிக் கொடுக்கவோ முடியாது. அது நல்ல விஷயம்.

சிக்கல் எங்கே என்றால், சட்டம் காப்பது பேரை. மெஷினில் அடித்த துணியைத் 'தோடர் எம்பிராய்டரி' என்று விற்றால் வழக்குப் போடலாம். அதே சிவப்பு கருப்புக் கட்டத்தைப் பிரிண்ட் போட்டு, தோடர் என்ற பேச்சையே எடுக்காமல் 'டிரைபல் டிசைன்' என்று விற்றால்? பிடி நழுவிவிடும். காப்புரிமைச் சட்டத்துக்குப் போகலாம் என்றால் அது இந்த டிசைனை முதலில் போட்டது யார், எந்த வருஷம் என்று கேட்கும். தலைமுறை தலைமுறையாகப் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்ததற்கு யார் பேரைச் சொல்வது?

வழக்குப் போடலாம் என்பதும் ஏட்டில்தான் சுலபம். தையல் போடும் பெண் மந்தில் இருக்கிறார், நகல் இன்னொரு மாநிலத்துக் கடையில் இருக்கிறது. நகல் சில நிமிஷத்தில் தயார். கையால் போட்ட சால்வைக்கோ வீட்டு வேலை, தோட்ட வேலை முடிந்த நேரத்தில் தைத்தால் வாரக்கணக்கில் ஆகும். இரண்டையும் பக்கத்தில் வைத்து பேரம் பேசினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்ணைக் கெடுத்துக்கொண்டு இழை எண்ண அடுத்த தலைமுறை உட்காருமா என்பதும் அந்த விலையில்தான் இருக்கிறது.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் விரலால் தடவுங்கள். கைவேலை என்றால் நூல் துணிக்கு மேலே மேடாக, சொரசொரவென்று நிற்கும். பிரிண்ட் வழவழப்பாக இருக்கும்.

அடுத்து துணியைத் திருப்புங்கள். மெஷின் எம்பிராய்டரியில் பின்பக்கம் பாபின் நூல் தனியாக ஓடும், சில சமயம் தாள் மாதிரி லைனிங் ஒட்டியிருக்கும். தோடர் தையலில் இரண்டு பக்கமும் பார்க்கும்படி இருக்கும். இழை எண்ணிப் போடுவதால் டிசைன் எல்லாமே நேர்கோடும் கட்டமும் முக்கோணமும்தான். வளைந்து நெளிந்த கொடி, ரோஜாப்பூ இருந்தால் யோசியுங்கள்.

கட்டங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் மெஷினாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் யார் தைத்தது, எந்த மந்து என்று கேட்கலாம். நேரடியாகத் தோடர் பெண்களிடமோ, அவர்களிடம் வாங்கி விற்கும் அமைப்புகளிடமோ எடுத்த கடைக்காரருக்கு அதற்குப் பதில் தெரியும்.