பரணிலிருந்து எடைத்தட்டுக்கு

பழைய பல்லாங்குழிகளும் தாயக்கட்டைகளும் சேகரிப்பாளர்கள் தேடும் பொருளாகிவிட்டன. கைமாறும்போது கழன்று விழுவது ஆட்டத்தின் விதி.

செம்பூரில் ஒரு பழைய ஹவுசிங் சொசைட்டி இடிபடப்போவது உறுதியானதும் வாசலில் முதலில் வந்து நிற்பவர் பங்கார்வாலா. புதிய கோபுரத்தில் இருபதாவது மாடிக்குப் போகவிருக்கும் குடும்பங்கள் பரணைக் காலி செய்கின்றன. ஓட்டை அண்டா, ஊஞ்சல் சங்கிலி, கைப்பிடி போன வெண்கலப் பானை ஆகியவற்றோடு பக்கத்துக்கு ஏழாகப் பதினாலு குழிகள் கொண்ட ஒரு பித்தளைப் பலகையும் தராசில் ஏறுகிறது. பாலக்காட்டிலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ புதுப்பெண்ணோடு ரயிலேறி மாட்டுங்காவுக்கு வந்து, குடும்பம் பெருத்தபோது செம்பூருக்குக் குடிபெயர்ந்த பல்லாங்குழி. இப்போது அதற்குக் கிலோ கணக்கில்தான் விலை.

இப்படிக் கழித்துக் கட்டப்படும் பொருட்களில் சில உருக்கு உலைக்குப் போகின்றன. சில சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்டில் கிராமபோன்களுக்கும் சினிமா போஸ்டர்களுக்கும் நடுவே வந்து உட்கார்கின்றன. அங்கே அதன் பெயர் 'ஆன்டிக்'. விலையும் அதற்கேற்றபடி.

சேகரிப்பாளர்களை இவற்றின்பால் இழுப்பது எது? இந்த ஆட்டங்களுக்கு முதலாளி கிடையாது. லூடோவுக்கு இங்கிலாந்தில் 1896ல் காப்புரிமை எடுக்கப்பட்டது. அதன் பிறகு அச்சான அட்டைகளெல்லாம் ஒரே முகம். பல்லாங்குழியையோ தாயத்தையோ யாரும் பதிவு செய்யவில்லை. உள்ளூர்த் தச்சர் தன் உளிக்கு வந்தபடி குழி தோண்டினார். கன்னார் தன் அச்சுக்கு ஏற்றபடி வார்த்தார். மீன் வடிவில் ஒன்று, நடுவில் கீல் வைத்து மடிப்பது ஒன்று, காய் போட்டு வைக்க ஓரத்தில் தனிக்குழி உள்ளது ஒன்று என்று வீட்டுக்கு வீடு வேறு. ஒரு பலகையைப் போல் இன்னொன்று இருக்காது.

பழையதை அடையாளம் காணச் சில வழிகள் உண்டு. கையால் குடைந்த குழிகள் அளவில் சிறிதளவாவது மாறுபடும். பல்லாண்டு விரல் பட்ட குழியின் உட்புறம் வழவழப்பாகவும், யாரும் தொடாத அடிப்பகுதி சொரசொரப்பாகவும் இருக்கும். மேலும் கீழும் உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். புதுப் பித்தளையை ரசாயனம் பூசிக் கறுக்க வைப்பது பழம்பொருள் வியாபாரத்தில் புதிய தந்திரமல்ல. தாயக்கட்டை என்றால் விளிம்புகளைப் பார்க்க வேண்டும். உருண்டு உருண்டு மழுங்கியிருப்பதுதான் அதன் வயதுச் சான்றிதழ்.

தந்தத்தில் செய்த கட்டையோ காயோ கண்ணில் பட்டால் கையை எடுத்துவிடுவது நல்லது. இந்திய யானைத் தந்த வியாபாரம் 1986லும், ஆப்பிரிக்கத் தந்தத்தின் இறக்குமதி 1991லும் தடை செய்யப்பட்டன. பாட்டன் சொத்தாக வந்திருந்தாலும் விற்க முடியாது. நூறு ஆண்டுகளைத் தாண்டிய கலைப்பொருட்களுக்கு 1972ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் பொருந்தும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.

சட்டம் பொருளைக் காக்கும். ஆட்டத்தைக் காக்க அதற்கு வழியில்லை. தாயக்கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம். மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள். நான்காவது வெறுமை. இரண்டு கட்டையும் வெறுமையாக விழுந்தால் கூட்டுத்தொகை பூஜ்யம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆடுகிறவர்களுக்கு அது பன்னிரண்டு. கட்டையை எத்தனை பெரிய பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் இந்தச் செய்தி கிடைக்காது.

பல்லாங்குழியில் சிக்கல் இன்னும் அதிகம். குழிக்கு ஐந்து காய் போடும் வீடுகளும் உண்டு, ஆறு போடும் வீடுகளும் உண்டு. காலிக் குழியைத் தடவிவிட்டு அடுத்த குழியில் இருப்பதை அள்ளுவது, நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வது என எல்லாமே வாய்வழி வந்தவை. எச்.ஜி. துரை என்பவர் 1928லேயே லண்டனிலிருந்து வெளியான 'மேன்' என்ற மானிடவியல் இதழில் பல்லாங்குழி பற்றி எழுதிவைத்தார். அப்படி ஏட்டில் ஏறியவை சில முறைகள்தான். மற்றவை பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கின்றன.

பொருள் பிழைத்து ஆட்டம் நலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்திலேயே உதாரணம் இருக்கிறது. கொங்கணத்தின் சாவந்த்வாடியில் செய்யப்படும் கஞ்சீஃபா வட்டச் சீட்டுகள் உலக அருங்காட்சியகங்களின் பிரியமான பொருள். காகிதத்தையோ துணியையோ அடுக்காக ஒட்டி, புளியங்கொட்டைப் பசை தடவி, கையால் படம் தீட்டி, அரக்கு மெருகேற்றிய சீட்டுகள். தசாவதாரக் கட்டில் அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள். பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். இரவென்றால் கிருஷ்ணர். பாதி அவதாரங்களில் பத்து பெரிது. மீதிப் பாதியில் ஒன்றுதான் பெரிது. சீட்டின் மீது இவற்றில் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பாபர் 1527லேயே சிந்து மன்னருக்குப் பரிசாக அனுப்பிய இந்தச் சீட்டுகள், அச்சடித்த ஐரோப்பியச் சீட்டின் முன் தோற்றன. சாவந்த்வாடி அரச குடும்பம் 1970களில் முயற்சி எடுத்து, மிச்சமிருந்த முதிய கைவினைஞர் ஒருவரைக் கொண்டு மற்றவர்களுக்குக் கற்றுத்தர வைத்தது. கலை பிழைத்தது. ஆனால் வாங்குபவர்களில் பலருக்கு அது பரிசுப் பொருள், சுவர் அலங்காரம். கலைச்சந்தையில் பழைய கட்டுகளிலிருந்து பிரிந்த ஒற்றைச் சீட்டுகளும் விலை போகின்றன. 119 சீட்டை வைத்துக்கொண்டு ஆட முடியாது என்பது விற்பவருக்கும் கவலையில்லை, வாங்குபவருக்கும் கவலையில்லை.

மாறாக நடந்துகொண்ட சேகரிப்பாளரும் பம்பாயில் இருந்தார். 1933ல் இங்கு வந்த ஜெர்மானியர் ருடால்ஃப் ஃபான் லேடன். ஹுசேன், ரஸா, ஆரா போன்ற ஓவியர்களுக்குத் தோள் கொடுத்த கலை விமர்சகர் என்றே பலருக்கு அவரைத் தெரியும். அவர் கஞ்சீஃபா சீட்டுகளைச் சேர்த்ததோடு நிற்காமல் ஆட்டங்களையும் தேடிப் போனார். மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் வகுத்த 'சத்' சீட்டாட்டங்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். 1982ல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் நடத்திய கண்காட்சிக்கான நூலும் அவருடையதே. அவர் 1983ல் இறந்தார். இந்தியச் சீட்டுகளை ஆராய்பவர்கள் இன்றும் அவர் புத்தகங்களைத் தேடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதே வேலையை வேறு வழியில் செய்வது, வினிதா சித்தார்த்தா 2002ல் சென்னையில் தொடங்கிய 'க்ரீடா'. முதியவர்களிடம் கேட்டறிந்த பழைய ஆட்டங்களைப் புதிய பலகைகளில் விதிமுறைத் தாளோடு மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்பு அது.

ஆனால் பலகையே இல்லாத ஆட்டங்களை யார் சேகரிப்பது? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்த குடும்பங்கள் பித்தளைப் பல்லாங்குழியைச் சுமந்து வரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது தலைக்குள் இருந்த கட்டங்கள். மூன்று புலியும் பதினைந்து ஆடும் கொண்ட ஆடுபுலி ஆட்டத்துக்குத் தரையும் சாக்கட்டியும் போதும். காய்களுக்குக் கூழாங்கல், புளியங்கொட்டை. ஆட்டம் முடிந்து தண்ணீர் தெளித்தால் சுவடே இருக்காது. சோர் பஜாரில் எத்தனை நாள் அலைந்தாலும் இது கிடைக்காது. கேட்டு எழுதி வைத்தால் மட்டுமே மிஞ்சும்.

அதற்குப் பெரிய நிறுவனமோ நிதியோ தேவையில்லை. செம்பூரில் பரணைக் காலி செய்யும் குடும்பம் பங்கார்வாலாவை அரைமணி நேரம் காக்க வைத்தால் போதும். வீட்டின் மூத்த பெண்மணியை ஒரு ஆட்டம் ஆடச் சொல்லி மொபைலில் படம் பிடிக்கலாம். பலகை எந்த ஊரிலிருந்து வந்தது, யார் கொண்டுவந்தது, குழிக்கு எத்தனை காய், எப்போது பசு என்று ஒரு தாளில் எழுதிப் பலகையோடு கட்டி வைக்கலாம். அதன் பிறகு வைத்துக்கொள்வதா விற்பதா என்பது அவரவர் விருப்பம், இடவசதி.

வாங்குபவரும் விலை பேசும் முன் ஒரு கேள்வி கேட்கலாம்: "இதை உங்கள் வீட்டில் எப்படி ஆடுவீர்கள்?" பதில் சொல்லத் தெரிந்தவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்கள். கேட்டால் சொல்வதற்கு மட்டுமல்ல, எதிரே உட்கார்ந்தால் ஆடி ஜெயிக்கவும் தயாராக இருப்பவர்கள்.