விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு ரெலிபோன்

இங்கு வந்து சேர்ந்த எமது குடும்பங்கள் பிள்ளைக்கென்று காசு சேர்த்து வாங்கும் முதற் பெரிய சாமான் அநேகமாக ஒரு வீடியோ கேம் பெட்டியாகத்தான் இருக்கும். குளிருக்குள் அலையாமல் பிள்ளை வீட்டோடு இருக்கட்டும் என்பது தாய் தகப்பனின் எண்ணம். பிள்ளையும் வீட்டோடுதான் இருக்கிறது. ஆனால் காதில் ஹெட்செற்றை மாட்டிக்கொண்டு, சாத்திய அறைக்குள் யாருடனோ ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருக்கிறது. யாருடன்? பின்னேர வேலை முடிந்து நடுச்சாமத்தில் வரும் தகப்பனுக்கு அது தெரியாது.

இந்தப் பெட்டி கதைக்கப் பழகியது படிப்படியாகத்தான். அதில் ஒரு படி நாம் வாழும் ஒன்ராறியோவிலேயே இருக்கிறது. 1983 இல் ஒட்டாவாவில் நாபு என்ற நிறுவனம் ரீவி கேபிள் வழியாகவே விளையாட்டுகளை வீடுகளுக்கு அனுப்பியது. எல்லா விளையாட்டுகளும் கேபிளில் சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கும். கேட்டது வரும்போது வீட்டுக் கணினி அதைப் பிடித்துக்கொள்ளும். திருவிழாவில் வீதிவலம் வரும் சுவாமிக்காக நாம் வாசலில் காத்து நிற்பதுபோல! ஆனால் இன்னொரு வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து விளையாட அதில் வழியில்லை. 1986 இல் அதை மூடிவிட்டார்கள்.

அந்த வழியை ரெலிபோன் வயர்தான் திறந்தது. 1994 இல் அமெரிக்காவில் எக்ஸ்பாண்ட் என்றொரு மோடம் விற்பனைக்கு வந்தது. (யாழ்ப்பாணத்தில் மின்சாரமின்றி சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது.) மோடத்தை சேகா ஜெனிசிஸ் பெட்டியில் செருகி, அதன்மேல் விளையாட்டுக் காட்ரிஜ்ஜைச் செருகி, ரெலிபோன் வயரை மாட்டவேண்டும். நிறுவனத்தின் கணினி சோடி சேர்த்துவிடும். பிறகு ஒரு வீட்டுப் பெட்டி மற்ற வீட்டுப் பெட்டிக்கு நேரே கோல் எடுக்கும். வினாடிக்கு 2400 பிட் மட்டுமே போகும். படம் அனுப்ப அது காணாது. ஆகவே எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்ற சேதி மட்டும் போகும். இரண்டு பெட்டிகளும் ஒரே விளையாட்டைத் தனித்தனியே, அடி பிசகாமல் நடத்தும். கெட்டித்தனமான வேலைதான்! 1997 இல் அதுவும் நின்றது.

1999 இல் வந்த சேகாவின் ட்றீம்காஸ்ற்றில் மோடம் பெட்டியோடேயே வந்தது. அப்போதும் அதே வயர்தான். ஒரேயொரு ரெலிபோன் உள்ள வீட்டில் பிள்ளை இப்படி விளையாட உட்கார்ந்தால், கொழும்பில் கடை வாசலில் காத்திருந்து கோல் எடுக்கும் சொந்தக்காரருக்கு எங்கேஜ் சத்தம்தான் கேட்கும். இதனால் வரும் சண்டையில் ஒரு நன்மையும் இருந்தது: பிள்ளை வெளியாருடன் தொடர்பில் இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

2002 நவம்பரில் தொடங்கிய எக்ஸ்பொக்ஸ் லைவுக்கு ரெலிபோன் டயல் வேண்டியதில்லை. அதிவேக இணையம் வேண்டும். தொடக்கப் பொதியிலேயே ஹெட்செற்றும் இருந்தது. பிள்ளையின் குரல் வெளியே போகத் தொடங்கியபோது ரெலிபோன் சும்மா கிடந்தது. வீட்டுக்குத் தெரிகிற அடையாளம் அன்றோடு போயிற்று. என் கண்ணுக்கு இதுதான் பெரிய மாற்றம். படம் அழகானதெல்லாம் அதற்குப் பிறகுதான். (2005 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 இன் படச் சில்லு, இங்கே மார்க்கத்தில் தலைமையகம் வைத்திருந்த ஏ.ரி.ஐ. நிறுவனத்துடையது. ஹொங்கொங்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் 1985 இல் தொடங்கிய நிறுவனம் அது. நம்மவர் கவனிக்க!)

பெட்டியைப் பிடுங்கி வைக்கச் சொல்லவில்லை. இன்றைய எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்ரேசன் இரண்டிலும் பெற்றோருக்கென்று தனிக்கணக்கு திறக்கலாம். பிள்ளை யாருடன் கதைக்கலாம், எத்தனை மணித்தியாலம் விளையாடலாம் என்று அதிலே கட்டுப்படுத்தலாம். ஆங்கிலம் போதாது என்று பின்வாங்க வேண்டாம். பிள்ளையையே பக்கத்தில் இருத்தி, வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். சிநேகிதர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரும் யார் என்றும் கேளுங்கள்.

லண்டனில் மாமன் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அந்தப் பட்டியலில் முதலில் சேர்த்துவிடலாம். நேரம் ஐந்து மணித்தியாலம் வித்தியாசம். இங்கே பள்ளி விட்டு நான்கு மணிக்கு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு, அங்கே இரவு ஒன்பது மணிக்குப் படுக்கப்போகுமுன் ஒரு ஆட்டத்துக்கு ஆள் கிடைக்கும்.