முழுகாதிருத்தலும் கருவுறுதலும்

பெண்ணொருத்தி கருவுற்றிருப்பதைத் தமிழர் 'முழுகாமல் இருக்கிறாள்' என்பர். மாதவிலக்கு முடிந்து தலைமுழுகும் வழக்கம் நின்றது என்பதே இதன் நேர்ப்பொருள். தகுதி வழக்கில் இது மங்கலமா, இடக்கரடக்கலா என மாணவர் ஆராயட்டும். விலக்கு நின்றாலே கரு என்று கொள்வது மருத்துவத்தில் எப்போதும் பொருந்தாது என்பதே ஈண்டு நாம் கூற வருவது.

சில ஆண்டுகளுக்கு முன் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவியருடன் பழவேற்காட்டு ஏரியோரக் குப்பமொன்றில் தங்கியிருந்தோம். அங்கே மணமாகி ஆறு மாதமான ஓர் இளம்பெண்ணுக்கு 50 நாள் கடந்திருந்தது, குமட்டலும் இருந்தது. 'முழுகாம இருக்கா' என்று மாமியார் ஊரெங்கும் சொல்லிவிட்டார். (நம் இல்லங்களிலும் மருமகள் இடைவிடாது தொழுதுவந்தால் விரல்விட்டு எண்ணும் மாமியர் உண்டல்லவா?) முகாம் முடியுமுன்னரே அப்பெண்ணுக்கு உதிரம் போயிற்று. சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்க இறங்கியதால்தான் கரு கலைந்தது என்று பழி அவள்மேல் விழுந்தது.

பொன்னேரிக்கு அவளை அழைத்துச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். கரு கலைந்திருப்பின் அதன் சுரப்பு சிறுநீரில் சில நாளேனும் எஞ்சியிருக்கும். சோதனையில் அஃது இல்லை. ஸ்கேனில் இடப்பக்கச் சினைப்பையில் நீர்க்கட்டி ஒன்று தெரிந்தது. "அப்ப எம் மருமவ மேல தப்பு இல்லியா டீச்சர்?" என்று மாமியார் கேட்டார். இல்லை என்று மருத்துவரே விளக்கினார்.

அவ்விளக்கத்தின் வேரைத் தேடின் பழவேற்காட்டின் பழைய விருந்தினரான டச்சுக்காரரிடமே சென்று சேர்கிறோம். 1613இல் இங்கே கெல்ட்ரியாக் கோட்டையை எழுப்பிய அவர்களுக்கு 1690வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடம் இவ்வூரே. அவர்கள் இங்கே துணி வாங்கிக் கப்பலேற்றிய காலத்தில், 1672இல், ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகர மருத்துவர் ரெக்னியர் டி கிராஃப் சினைப்பையின் நீர் நிறைந்த நுண்பைகளை விளக்கி நூல் வெளியிட்டார். அவை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. நுண்பையையே முட்டையென அவர் கருதிவிட்டார். உண்மை முட்டையைக் காண 1827வரை, ஃபான் பேயர்வரை, உலகம் காத்திருந்தது.

மாதந்தோறும் அந்நுண்பையொன்று வெடித்து முட்டை வெளிப்படும். எஞ்சிய கூடு 'கார்பஸ் லூட்டியம்' என்னும் மஞ்சள் உடலாகிப் புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கரு தங்காவிடில் ஏறத்தாழ 14 நாளில் அது வாடும், விலக்கு வரும். வாடாது நீர் கோத்துக் கட்டியாகி நின்றாலோ, சுரப்புத் தொடர்வதால் விலக்குத் தள்ளிப்போகும். மார்பு கனக்கும், சிலருக்குக் குமட்டலும் தோன்றும். கருவின் அடையாளங்களையே அது காட்டும். இத்தகைய கட்டி பெரும்பாலும் ஓரிரு மாதங்களில் தானே வற்றிவிடும்.

1935இல் ஸ்டீன், லெவெந்தால் என்போர் விளக்கிய பல்நீர்க்கட்டி நிலை இதனின் வேறு. அதில் காணப்படுவன முதிராத நுண்பைகளேயன்றிக் கட்டிகள் அல்ல. தைராய்டுக் கோளாறு, மிகுந்த மெலிவு, தாய்ப்பாலூட்டல் ஆகியவற்றாலும் விலக்கு நிற்கலாம்.

ஆகவே நாள் தள்ளின் ஊரறியச் சொல்லுமுன் சிறுநீர்ச் சோதனை வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியரிடமே செய்துகொள்ளலாம். கரு இல்லையென வந்தும் விலக்கு வராவிடின், ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்து மருத்துவரை நாடுக. கரு உறுதியானபின் ஸ்கேனில் சிறு நீர்க்கட்டி தெரிந்தால் உடனே அஞ்ச வேண்டா. தொடக்க வாரங்களில் கருவைத் தாங்குவது அம்மஞ்சள் உடலே. அதனை மருத்துவர் மறு ஸ்கேனில் நோக்குவார்.

அஞ்சவேண்டியது வேறொன்று. நாள் தள்ளியவளுக்கு ஒரு பக்க அடிவயிற்றில் கடும்வலி, சிறிது உதிரம், மயக்கம், தோள்வலி ஆகியன தோன்றின் கரு கருப்பைக்கு வெளியே, குழாயில், தங்கி வெடித்திருக்கலாம். கட்டியுள்ள சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் திடீர்வலியும் வாந்தியும் வரும். இரண்டிலும் நாழிகை கணக்கிடத்தக்கது. கைவைத்தியம் செய்துகொண்டும், விடியட்டுமென்று படகுக்குக் காத்தும் இராமல், இரவாயினும் 108 ஊர்தியை அழைத்து அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.