இண்டெக்ஸ் ஃபண்டா, மேனேஜர் ஃபண்டா? ஒரு கும்பகோணம் கணக்கு

கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய வங்கி, சிட்டி யூனியன் பேங்க். தஞ்சாவூர் பக்கம் அதைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால், தஞ்சாவூர்க்காரர் ஒருவர் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் எஸ்ஐபி போட்டால், அதில் ஒரு ரூபாய்கூட இந்த வங்கிப் பங்குக்குப் போகாது.

காரணம் சிம்பிள். பட்டியலில் இருக்கும் 50 பெரிய நிறுவனங்களை அப்படியே வாங்குவதுதான் அந்த ஃபண்டின் வேலை. இதுதான் பேசிவ். எதை வாங்கலாம், எதை விடலாம் என்று மேனேஜர் முடிவு செய்தால் ஆக்டிவ். அதற்குக் கூடுதல் கட்டணம்.

“இந்தியா மாதிரி வளரும் சந்தையில் தகவல் எல்லாருக்கும் கிடைக்காது, தேடிப் போகிற மேனேஜர்தான் ஜெயிப்பார்” என்பார்கள். பாதிதான் சரி. மேட்டூர் திறந்தால் தலைமடைக்குத் தண்ணீர் சீக்கிரம் வரும். பேராவூரணி கடைமடைக்கு வர நாளாகும். தகவலும் அப்படித்தான். ரிலையன்ஸ், ஹெச்டிஎஃப்சி பேங்க் எல்லாம் தலைமடை. செய்தி வந்த நிமிஷமே விலையில் ஏறிவிடும். அங்கே மேனேஜர் புதிதாக எதைக் கண்டுபிடிப்பார்? போதாததற்கு, லார்ஜ்கேப் ஃபண்ட் என்றால் 80 சதவீதப் பணத்தையாவது முதல் 100 நிறுவனங்களில்தான் போட வேண்டும் என்று 2017-லேயே செபி சொல்லிவிட்டது.

கட்டணம்தான் உறுத்துகிறது. மாதம் 5,000 வீதம் 25 வருஷம். போட்ட முதல் 15 லட்சம். ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 95 லட்சம். கூடுதல் கட்டணம் 1 சதவீதம் போய் 11 என்றால் சுமார் 79 லட்சம். போட்ட முதல் அளவுக்கே பணம் காணோம்!

கடைமடை கதை வேறு. சின்ன நிறுவனங்களைக் கவனிப்பவர்கள் குறைவு. வாராக்கடன் எவ்வளவு, நிர்வாகம் எப்படி என்று நேரில் போய் விசாரிக்கும் மேனேஜருக்கு அங்கே வேலை இருக்கிறது. கட்டணம் கொடுப்பதென்றால் இங்கே கொடுக்கலாம். எல்லா மேனேஜரும் ஜெயிப்பதில்லை என்பது தனிக் கதை. இன்னொரு சிக்கலும் உண்டு: பணம் குவிந்துவிட்டால் சின்னப் பங்குகளை அவசரத்துக்கு விற்க முடியாது. அதனால்தான் மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் பங்குகளை விற்றுப் பணமாக்க எத்தனை நாள் ஆகும் என்பதை 2024 மார்ச்சிலிருந்து வெளியிடுகின்றன.

உங்கள் ஆப்பில் ஃபண்ட் பெயருக்குப் பக்கத்தில் ‘ரெகுலர்’ என்று இருந்தால், கட்டணத்தில் ஏஜென்ட் கமிஷனும் சேர்ந்திருக்கிறது. அது இல்லாத ‘டைரக்ட்’ பிளான் 2013-லிருந்தே இருக்கிறது.