மூக்குக்கு மின்சார வைத்தியம்!

“தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பார்கள். ஸைனஸ்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையை ஆட்டினாலே வலிக்கும் என்பது வேறு விஷயம்! காலையில் எழுந்தால் கன்னத்தில் கல்லைக் கட்டியதுபோல் பாரம். குனிந்து கோலம் போட்டால் புருவத்துக்கு மேல் விண் விண்ணென்று தெறிக்கும். அடுப்பில் பால் தீய்ந்தாலும் வாசனை தெரியாது. பார்க்கிறவர்களோ, “வெறும் ஜலதோஷம்தானே!” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்த நிலையில் யாராவது வந்து, “கரண்ட் வைத்துக்கொள்ளுங்களேன், பத்தே நாளில் பறந்துவிடும்” என்றால், யாருக்குத்தான் ஆசை வராது? பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால், அந்தக் கரண்ட் என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெரிந்துகொள்வோமா?

நம் முகத்து எலும்புகளுக்குள் நான்கு ஜோடிக் காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்குள் திறக்கும் சின்னஞ்சிறு வாசல் உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள் இரவும் பகலும் சளியை அந்த வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். வேடிக்கை என்னவென்றால், கன்னத்து அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது! வாசல் வீங்கி அடைபட்டால், தூம்பு அடைத்த முற்றம்போல எல்லாம் உள்ளேயே தேங்கிவிடும். தொல்லை 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை நாள்பட்ட ஸைனஸ் என்கிறார்கள் டாக்டர்கள்.

உள்ளே புகும் சூடு

‘கரண்ட் வைப்பது’ என்று நாம் சொல்வதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டயாதெர்மி. 1929-ல் எர்வின் ஷ்லீப்பாக்கே என்ற ஜெர்மானிய டாக்டர், தம் மூக்கில் வந்த கட்டிக்குத் தாமே இந்தச் சிற்றலை வைத்தியத்தைச் செய்து பார்த்துக் குணம் கண்டார். இன்றைய யந்திரம் விநாடிக்கு 2 கோடியே 71 லட்சத்து 20 ஆயிரம் முறை அதிர்கிறது. அவ்வளவு வேகத்தில் ‘ஷாக்’ அடிக்காது. தசைக்குள் இதமான சூடுதான் பிறக்கும். ரத்த ஓட்டம் கூடும், வலி தணியும்.

அப்படியானால் நோய் போய்விடுமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது. இங்கிலாந்தில் நாள்பட்ட ஸைனஸ்காரர்கள் 871 பேரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று. நாம் வேது பிடிக்கிறோமே, அந்த நீராவி தலைவலியைத்தான் சற்றுக் குறைத்தது. மற்றத் தொல்லைகள் அப்படியே இருந்தன. உப்பு நீரால் மூக்கைக் கழுவியவர்களுக்கோ ஓரளவு பலன் கிடைத்தது. மின்சாரச் சூடும் இதம் தரும். ஆனால் வாசலின் வீக்கத்தை நிரந்தரமாகப் போக்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சீழ் வெளியேற வழியின்றி அடைபட்டிருக்கும்போது சூடு கொடுத்தால் வலி கூடவும் கூடும்.

மூக்குத்தியைக் கழற்றுங்கள்!

டயாதெர்மி வைத்துக்கொள்வதானால், பெண்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் இது. உலோகம் இருக்கும் இடத்தில் சூடு குவிந்து தோலைச் சுட்டுவிடும். மூக்குத்தி, தோடு, கொண்டை ஊசி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள், முன்கூட்டியே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம். முகத்தில் வியர்வை இருக்கக்கூடாது. இதமான சூட்டைத் தாண்டிச் சுரீரென்றால் உடனே சொல்லிவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது இங்கே புண்ணியம் அல்ல.

கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. பேஸ்மேக்கரோ, காதுக்குள் பொருத்திய கருவியோ உள்ளவர்கள் யந்திரத்தின் பக்கமே போகக்கூடாது. மூளைக்குள் மின்கருவி பொருத்தியிருந்த இருவர், டயாதெர்மி பெற்றபின் மூளை பாதிக்கப்பட்டு இறந்ததை அமெரிக்க அரசாங்கம் 2002-ல் எச்சரிக்கையாகவே வெளியிட்டது.

பின் என்னதான் செய்வது?

டாக்டர்கள் முதலில் சொல்வது உப்பு நீர்க் கழுவலும், மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தும்தான். அரை லிட்டர் நீருக்கு ஒரு சிறு ஸ்பூன் உப்பு போதும். நீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகே உபயோகியுங்கள். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரை அப்படியே மூக்கில் விட்டுக் கழுவிய இருவர், அதிலிருந்த அமீபா கிருமியால் உயிரிழந்தார்கள்.

ஒரு பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு ஒழுகினால் மேல் பல்லையும் டாக்டரிடம் காட்டுங்கள். குற்றவாளி சொத்தைப் பல்லாகவும் இருக்கலாம்! கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, கழுத்து விறைத்தாலோ ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அடுத்த முறை “கரண்ட் வைத்தால் சரியாகிவிடும்” என்று யாராவது சொன்னால், “வலி சரியாகுமா, வியாதி சரியாகுமா?” என்று கேளுங்கள். வலிக்கு மட்டும்தான் என்று நேர்மையாகச் சொல்கிறவரிடம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம் — மூக்குத்தியைக் கழற்றிவிட்டு!